பிட்ச் கூடிய புரொப்பெல்லரும் பாரம் ஏற்றிய படகும்: மாற்றிய பின் எதைத் தெரிவுசெய்வது?

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாயாக உயர்ந்த பின்னர், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு வைத்திருக்கும் எங்களிடையே எரிபொருளை மிச்சம்பிடிக்கும் வழிகளைப் பற்றிய பேச்சு ஓயவேயில்லை. அவற்றுள் மிகவும் நம்பும்படியாக ஒலித்தது, பிட்ச் கூடிய, அதாவது ஒரு சுற்றில் கூடுதல் தூரம் முன்னேறும், புரொப்பெல்லரைப் பூட்டினால் இயந்திரம் குறைந்த சுற்றில் ஓடும், சுற்றுக் குறைந்தால் எண்ணெயும் குறையும் என்பதாகும். நானும் அதை நம்பினேன். வடமராட்சிக் கரையில் முருகைக்கல் பாருக்கு நடுவே உள்ள வான் எனப்படும் குறுகிய படகுவழியாக ஒருநாள் உள்ளே வரும்போது, எனது பழைய மூன்றிதழ் அலுமினியப் புரொப்பெல்லரின் ஓரிதழ் கல்லில் பட்டு மடங்கியது. அதே அளவில் இன்னொன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் எடுத்துக்காட்டிய பளபளப்பான உருக்குப் புரொப்பெல்லர் ஒன்றையே வாங்கிவந்தேன். பழையதன் பிட்ச் 13 அங்குலம், புதியது 15.

எனது படகு 23 அடி நீளமானது. இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும் 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக். அதன் கியர் விகிதம் இரண்டுக்கு ஒன்று. ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்த நிலையில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்றுக்குள் ஓடவேண்டும் என்று கையேடு சொல்கிறது. புதியதைப் பூட்டிய அன்று, வலையும் பனிக்கட்டியும் இல்லாத வெறும் படகில் இருவர் மட்டும் போய்வந்தோம். பழைய புரொப்பெல்லரில் 5300 சுற்றில் 23.5 நாட் (மணிக்கு 23.5 கடல்மைல்) ஓடிய படகு, புதியதில் 4750 சுற்றிலேயே 24 நாட் ஓடியது. சுற்றுக் குறைந்தும் வேகம் கூடியதைக் கண்டு மகிழ்ந்து, வாங்கியது சரியே என்று கரைக்கு வந்தோம். மறுநாள் நால்வரும் வலையும் எண்ணெய்க் கான்களும் பனிக்கட்டியுமாகப் புறப்பட்டபோது படகு அணியத்தை, அதாவது முன்பகுதியைத் தூக்கியபடியே நீரை உழுதது. நீர்மட்டத்தின் மேல் எழும்பி ஓடவே மறுத்தது. சுற்று 4100ஐத் தாண்டவில்லை, வேகம் 15.5 நாட்டில் நின்றுவிட்டது. இதே பாரத்தில் பழைய புரொப்பெல்லர் 4900 சுற்றில் 18.5 நாட் கொடுத்திருந்தது. மாலையில் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தபோது, மிச்சப்படும் என்று நினைத்தது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே செலவாகியிருந்தது.

இந்த எண்களைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். திருகாணி மரத்துக்குள் ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறதோ, அதுபோலப் புரொப்பெல்லர் நீரில் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். இயந்திரத்தின் சுற்றை பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1215 என்ற எண்ணாலும் வகுத்தால், வழுக்கலே இல்லாதபோது படகு ஓடவேண்டிய வேகம் நாட்டில் கிடைக்கும். பழைய புரொப்பெல்லரில் வெறும் படகுக்கு இது சுமார் 28.3 நாட், ஜி.பி.எஸ். காட்டிய 23.5 நாட்டுடன் ஒப்பிட்டால் வழுக்கல் 17 சதவீதம். நீர் மரத்தைப் போல இறுகிய பொருள் அல்ல என்பதால் ஓரளவு வழுக்கல் எப்போதும் இருக்கும், இருந்தாகவும் வேண்டும். இலேசான படகில் 10 முதல் 15 சதவீதம் என்பதும், பாரமேற்றும் படகில் அதைவிடக் கூடுதல் என்பதும் வழமையே. புதியதில் பாரத்தோடு ஓடியபோது கணக்கு 25.3 நாட் என்று வந்தது, ஓடியதோ 15.5. அதாவது வழுக்கல் ஏறத்தாழ 39 சதவீதம். இயந்திரம் எரித்த எண்ணெயில் கணிசமான பங்கு படகைத் தள்ளாமல் நீரைக் கலக்கவே போயிற்று என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் முழு ஆக்சிலேட்டரில் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை குறையும் என்பது இயந்திரம் பார்ப்பவர்கள் எல்லோரும் கையாளும் மதிப்பீடு. எனக்கோ வெறும் படகிலேயே 550 குறைந்தது. இரண்டு அங்குல வேறுபாட்டுக்கு இது அதிகம். காரணம் இதழின் பின்விளிம்பில் இருந்தது. கடைகளில் கிடைக்கும் உருக்குப் புரொப்பெல்லர்கள் பலவற்றில் பின்விளிம்பு உதடு போல மெல்ல வளைக்கப்பட்டிருக்கும். இதைக் கப்பிங் என்பார்கள். நீரை இறுகப் பிடிக்க உதவும் இந்த வளைவு, நடைமுறையில் பிட்சை இன்னும் ஓர் அங்குலம் கூட்டியது போலவே வேலைசெய்யும். ஆகவே முதுகில் 15 என்று பொறித்திருந்தாலும், நான் பூட்டியது கிட்டத்தட்ட 16 அங்குலப் புரொப்பெல்லர். ஒரு புரொப்பெல்லரில் பொறித்த எண்ணை இன்னொரு வகைப் புரொப்பெல்லரின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதை இந்தச் செலவில்தான் கற்றேன்.

குறைந்த சுற்று என்பது சிக்கனம் அல்ல என்பதே இங்கே முதலில் தெளிய வேண்டியது. படகு இலேசாக இருந்து இயந்திரத்திடம் மிச்ச வலு இருக்குமானால், ஆக்சிலேட்டரைப் பாதியில் வைத்து ஓடும்போது பிட்ச் கூடிய புரொப்பெல்லர் சிறிது எண்ணெயை மிச்சப்படுத்தலாம், அதை மறுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்தும் சுற்று ஏறாத நிலை அதுவல்ல. அது, ஏற்றத்தில் நான்காம் கியரில் திணறும் லொறியின் நிலை. பெற்றோலைவிட ஒக்டேன் அளவு குறைந்த மண்ணெண்ணெய் இப்படித் திணறும் இயந்திரத்துக்குள் காலம் முந்தி வெடித்து, உள்ளே தட்டல் எழுப்பும். அதைத் தொடர்ந்து பிஸ்டனின் தலையில் கரி படிந்து, வளையங்கள் ஒட்டி, ஒருநாள் பிஸ்டனே துளைபட்டுப் போகக்கூடும். மிச்சம்பிடித்த லீற்றர்களின் பெறுமதி அந்தத் திருத்தச் செலவுக்கு முன் ஒன்றுமேயில்லை. மறுபக்கம், பிட்ச் மிகக் குறைந்து சுற்று 5500ஐத் தாண்டினால் தாங்கிகளும் கனெக்டிங் றொட்டும் தேயும், அதுவும் வேண்டாம்.

இவ்வளவும் எனக்கு அன்றே விளங்கிவிடவில்லை. இயந்திரம்தான் சோர்ந்துவிட்டது என்று எண்ணி காபரேற்றரைக் கழற்றத் தயாராக இருந்தேன். ஊரில் இயந்திரம் பார்க்கும் தம்பி ஒருவர், "முதல்ல பழசைப் பூட்டிப் பாருங்கோ அண்ணை" என்றார். மடங்கிய இதழை மரச்சுத்தியலால் ஓரளவு நிமிர்த்திப் பூட்டி, அதே நாளில், அதே பாரத்தில், அதே எண்ணெயில் ஓடியபோது, அதிர்வோடுதான் என்றாலும் சுற்று மீண்டும் 4800ஐத் தொட்டது. அதோடு இயந்திரம் குற்றமற்றது என்று தெளிவாயிற்று. பழையதிலும் சுற்று ஏறாமலிருந்தால், அடியில் ஒட்டிய சிப்பியும் பாசியும், எண்ணெயில் கலந்த தண்ணீர், வேலைசெய்யாத பிளக் போன்றவற்றில்தான் தேடவேண்டும். அப்போது எந்தப் புரொப்பெல்லரை வாங்கினாலும் பயனில்லை. புரொப்பெல்லரை மாற்றுகிறவர், பழையது எவ்வளவு அடிபட்டிருந்தாலும் அதை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அளக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். கைப்பிடியால் ஓட்டும் இயந்திரங்களில் சுற்றுமானி பெரும்பாலும் இருப்பதில்லை. பிளக் வயரில் சுற்றிக்கட்டும் சிறிய சுற்றுமானி ஒன்று போதும். அதில் டூ ஸ்ட்ரோக்கா போர் ஸ்ட்ரோக்கா என்ற அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால், உண்மையின் இரண்டு மடங்கோ பாதியோ காட்டி ஆளைக் குழப்பிவிடும். வேகத்தை ஒரு திசையில் மட்டும் பார்க்காமல், போகும்போதும் திரும்பும்போதும் பார்த்துச் சராசரி எடுத்தால் நீரோட்டத்தின் பங்கு கழிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடலுக்குப் போகும் நாளின் பாரத்தோடு அளக்கவேண்டும். வெறும் படகில் அளந்ததால்தான் நான் ஒருநாள் முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

எனக்கு நேர்ந்ததற்கு நேர்மாறான குறையும் உண்டு: மாற்றிய பின் சுற்று ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, புரொப்பெல்லரின் உட்குடத்தில், அதாவது இதழ்கள் பொருந்திய நடு உருளைக்குள் இருக்கும் றப்பர் பிடிவிட்டு வழுக்குவது. குடத்தின் உள்வளையத்துக்கும் வெளியுடலுக்கும் குறுக்கே பெயின்ரால் ஒரு நேர்கோடு போட்டு ஓடிவிட்டு வந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா என்பதிலிருந்து சந்தேகம் தீர்ந்துவிடும். மற்றொன்று, காற்றை இழுப்பது. வளையும்போதும் அலையின் முதுகில் ஏறும்போதும் இயந்திரம் திடீரென வீரிட்டு, ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் அடங்குமானால், இதழ்களுக்குள் காற்றோ புகையோ புகுகிறது என்று பொருள். இயந்திரம் பின்பலகையில் உயரமாகப் பூட்டப்பட்டிருக்கலாம். அல்லது குடத்தின் வழியாகப் புகை வெளியேறும் வகை இயந்திரத்துக்கு, பின்புற விரிவளையம் இல்லாத புரொப்பெல்லரைப் பூட்டியிருக்கலாம்.

இந்தக் காற்றிழுப்பைக் கடைத்தெருவில் கேவிற்றேஷன் என்கிறார்கள், அது தவறு. கேவிற்றேஷன் என்பது இதழின் முதுகில் அழுத்தம் மிகக் குறைந்து, வெளிக்காற்று எதுவும் புகாமலே நீர் தானே கொதித்துக் குமிழியாவது. அந்தக் குமிழிகள் உடையும்போது உலோகத்தைக் கொத்திக் கொத்திச் சிறு குழிகளை உண்டாக்கும். முன்விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருந்தாலே அதன் பின்னால் இத்தகைய குழிகளைக் காணலாம். 1894இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் இங்கிலாந்தில் கட்டிய ரேர்பினியா என்ற நீராவிச் சுழலிக் கப்பல், வலுவான இயந்திரம் இருந்தும் 20 நாட்டைக்கூட எட்டாமல் நின்றதற்குக் காரணம் இதுவே. அவர் இயந்திர வலுவைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. ஒரே தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளும், தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களும் பூட்டினார். 1897இல் ஸ்பிற்ஹெட்டில் நடந்த கடற்படை அணிவகுப்பில் அதே கப்பல் 34 நாட் ஓடிக் காட்டியது. எங்கள் இயந்திரங்களின் அளவில் இதழைத் தின்னும் கேவிற்றேஷன் அடிக்கடி வருவதில்லை என்றாலும், வலு போதாது என்று தோன்றும்போது குறை புரொப்பெல்லரில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

என் முன்னால் இருந்த வழிகளுக்கு வருகிறேன். செலவே இல்லாதது, இயந்திரத்தின் உயரத்தையும் சாய்வையும் மாற்றிப் பார்ப்பது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருந்தால் போதுமானது. அதைவிடத் தாழ்ந்திருந்தால் இயந்திரத்தின் கால், அதாவது நீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி, வீணாக நீரை இழுக்கும். சாய்வு ஆணியை ஒரு துளை உள்ளே மாற்றினால் அணியம் தாழ்ந்து படகு விரைவில் எழும்பும். செய்து பார்த்தேன், 50 சுற்று வரை கூடியது. 800 சுற்றுக் குறைவுக்கு இது மருந்தல்ல.

இரண்டாவது வழி, பழைய புரொப்பெல்லரைத் திருத்திக்கொள்வது. அலுமினியத்தில் சிறு வெட்டுகளை அரத்தால் தேய்த்து ஒழுங்காக்கலாம். மடங்கிய இதழைச் சூடாக்கி நிமிர்த்தினாலோ, உடைந்த மூலையை வெல்ட் வைத்து நிரப்பினாலோ, அந்த இடம் முன்போல வலுவாக இராது. மூன்று இதழ்களும் ஒரே பிட்சில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கவும் முடியாது. அதிர்வோடு ஓடினால் தண்டின் சீல் தேய்ந்து, கியர் எண்ணெயில் உப்புநீர் கலந்து பால்போலாகும். அவசரத்துக்குக் கரைசேர வைத்திருப்பதற்குத் திருத்திய புரொப்பெல்லர் நல்லது. நாள்தோறும் ஓட அல்ல.

மூன்றாவது, வாங்கிய உருக்குப் புரொப்பெல்லரையே வைத்துக்கொண்டு அதன் பிட்சைக் குறைப்பது. பின்விளிம்பின் உதட்டை நிமிர்த்தினால் ஓர் அங்குலமும், இதழ்களை முறையாகத் திருப்பினால் இன்னும் ஓர் அங்குலமும் இறக்கலாம். இதற்கு அளவுக்கட்டையும் சமநிலை பார்க்கும் தண்டும் உள்ள வேலைத்தளம் வேண்டும். சுத்தியலும் கண்மதிப்பும் மட்டும் உள்ள இடத்தில் இதைச் செய்யக் கூடாது. இந்த வழியை நான் தள்ளியதற்கு வேறொரு காரணமும் உண்டு. உருக்கு இதழ்கள் மெல்லியவை, பாரத்தில் வளைந்துகொடுக்காதவை. அதனால் ஆழ்கடலில் அவை அலுமினியத்தைவிட நன்றாகவே ஓடும். ஆனால் வான் குறுகலாகவும் இருபுறமும் முருகைக்கல்லாகவும் இருக்கும் எங்கள் கரையில், அலுமினிய இதழ் மடங்கி அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. உருக்கு இதழோ அதைத் தண்டுக்கும் கியருக்கும் அனுப்பிவிடுகிறது. குடத்தின் றப்பர் ஓரளவு தாங்கும் என்பது உண்மையே, எல்லா அடியையும் தாங்கும் என்பதில்லை. புரொப்பெல்லரை இழப்பது ஒருநாள் உழைப்பு. கியர்ப்பெட்டியை இழப்பது ஒரு பருவத்தின் உழைப்பு. மேலும், உப்புநீரில் அலுமினியக் காலோடு உருக்கைச் சேர்த்துப் பூட்டுகிறவர் காலுக்குப் பதிலாக அரிப்பைத் தன்மேல் வாங்கும் துத்தநாகக் கட்டி தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். அதன்மேல் பெயின்ர் பூசுவது கட்டியே இல்லாததற்குச் சமம்.

எஞ்சியவை இரண்டு: பழைய அளவிலேயே 13 அங்குல மூன்றிதழ் அலுமினியம் ஒன்றைப் புதிதாக வாங்குவது, அல்லது 12 அங்குல நான்கிதழ் அலுமினியத்துக்கு மாறுவது. உண்மையான போட்டி இவ்விரண்டுக்கும் இடையில்தான். மூன்றிதழின் பலம், அதைப் பற்றி எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பது. பாரத்தோடு 4900 சுற்று, வெறுமையாக 5300. இரண்டும் கையேட்டின் எல்லைக்குள். விலையும் குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் குறை, பாரம் ஏறியதும் வழுக்கல் 29 சதவீதம் வரை போவது. இத்தனை ஆண்டு அதைக் குறையென்றே நான் எண்ணியதில்லை. கணக்குப் போட்ட பின்னர்தான் உறுத்தியது.

நான்காவது இதழ் கூடும்போது நீரைப் பிடிக்கும் பரப்பு கூடுகிறது. அதோடு இழுவையும் கூடுவதால், அதே பிட்சில் பூட்டினால் சுற்று 50 முதல் 150 வரை குறையும். ஆகவேதான் நான்கிதழுக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்கச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவரிடம் இருந்த 12 அங்குல நான்கிதழை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிப் பூட்டினேன். வெறும் படகில் 5250 சுற்று, 22 நாட்: மூன்றிதழைவிட ஒன்றரை நாட் குறைவு. பாரத்தோடு 4950 சுற்று, 19 நாட். வழுக்கல் 22 சதவீதம். எண்களைவிட, படகு நடந்துகொண்ட விதமே என்னை மாற்றியது. புறப்பட்டதும் அணியம் அதிகம் தூக்காமல் விரைவில் எழும்பியது. ஆக்சிலேட்டரைச் சற்றுக் குறைத்தாலும் மூன்றிதழில் விழுவதுபோல உடனே விழாமல் 13, 14 நாட்டிலும் எழும்பிய நிலையிலேயே ஓடியது. வாடைக் காற்றில் அலை எழும் மாதங்களில், முழு வேகத்தில் ஓட முடியாமலும் மெதுவாக ஓடினால் படகு உழுதுகொண்டும் இருக்கும் அந்த இடைவேகத்தில்தான் எங்கள் எண்ணெயில் பெரும்பகுதி போகிறது. அங்கே கைகொடுப்பது நான்கிதழ்தான்.

எதைத் தெரிவுசெய்வது என்பதை எனக்குத் தீர்மானித்துத் தந்த கேள்வி, இயந்திரம் தன் ஓட்ட நேரத்தில் பெரும்பகுதியை எந்தப் பாரத்தில் கழிக்கிறது என்பதே. நான் வெறும் படகில் ஓடுவது மாதத்தில் ஓரிரு நாள். மற்றெல்லா நாளும் வலையோடும் ஆட்களோடும்தான். வெறும் படகில் இழக்கும் ஒன்றரை நாட் எனக்கு இழப்பே அல்ல. அதனால் 12 அங்குல நான்கிதழை வாங்கினேன். பாரம் ஏற்றாமல் விரைந்து போய்வரும் படகாக இருந்திருந்தால், 13 அங்குல மூன்றிதழையே தயக்கமின்றி வாங்கியிருப்பேன். புதியதைப் பூட்டும்போது பழைய அழுத்த வாசர் தண்டிலேயே இருக்கிறதா என்று பார்த்து, தண்டின் பற்களில் கிறீஸ் பூசி, முதல் வாரம் முடிந்ததும் ஒருமுறை கழற்றி, தூண்டில் நரம்பு ஏதும் உள்ளே சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்; சீலை அறுப்பது பெரும்பாலும் கல்லல்ல, அந்த நரம்புதான்.

உருக்குப் புரொப்பெல்லரை மைத்துனர் எடுத்துக்கொண்டார். அவருடையது 19 அடிப் படகு, அதே 40 குதிரைவலு. வலை ஏற்றாமல் ஆட்களை மட்டும் ஏற்றி இறக்குகிறார், இறங்குதுறையிலும் ஆழம் போதுமானது. ஆறுபேரை ஏற்றிக்கொண்டு முழு ஆக்சிலேட்டரில் ஓடியபோது சுற்று 5000ஐத் தொட்டதாகச் சொன்னார். எண்ணெய் மிச்சமா என்று கேட்டதற்கு, ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.